முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்



நம் ஊரில் புல் வளர்ந்தால் ஆடும் மாடும் மேயும். மீந்ததை அரிவாள் பார்த்துக்கொள்ளும். புல்லை வெட்டுவதற்கென்றே ஒரு வண்டி, அதுவும் மனிதன் ஏறி அமர்ந்து ஓட்டிச் செல்லும் வண்டி உண்டென்று சொன்னால் நம் பாட்டிமார் நகைப்பார்கள். ஆயினும் அமெரிக்க நாட்டின் சிற்றூர்களில் அது அன்றாடப் பொருள். பார்வைக்குக் குட்டி டிராக்டர் போலிருக்கும். முன்புறம் என்ஜின், பின்புறம் இருக்கை, நடுவே, வண்டியின் வயிற்றுக்குக் கீழே, கவிழ்த்து வைத்த தாம்பாளத்தைப் போன்ற இரும்பு மூடி. அந்த மூடிக்குள், தரைக்கு இணையாகக் கத்தி சுழல்கிறது. மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அக்கத்தி தெரியாது. தெரியாதது என்பதே அதன் ஆபத்து.

எம் ஆயர் அவர்களின் அனுமதியோடு, விஸ்கான்சின் மாநிலத்தின் சிற்றூர்ப் பங்கு ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கோவிலைச் சுற்றியும் அதன் பின்னுள்ள கல்லறைத் தோட்டத்திலும் ஏறத்தாழ மூன்று ஏக்கர் புல்வெளி. பனிக்காலம் முடிந்து மே மாதம் பிறந்தால் அப்புல் வாரம் ஒருமுறை வெட்டுக் கேட்கும். வெட்டிவந்தவர் முதுமையால் ஓய்ந்துவிட்டார். புது வண்டி வாங்கப் பங்கின் கணக்கில் பணம் இல்லை. கொட்டகையின் மூலையில், பழைய நாற்காலிகளுக்குப் பின்னால், 1960களில் செய்யப்பட்ட வண்டி ஒன்று தூசி படிந்து கிடந்தது. எவரோ எப்போதோ பங்குக்கு அன்பளிப்பாகத் தந்தது. பத்து ஆண்டுகளாக ஓடியதில்லை என்றார்கள்.

நான் இளங்குருவாக இருந்த நாள்களில் பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் கிளைக் கோவில்களுக்குச் சென்றவன். சி.பி. பாயிண்டைத் துலக்கவும் பிளக்கைக் கழற்றவும் அறிந்தவன். ஆகவே, "இதை ஓடவைத்துவிடலாம்" என்ற துணிவு எனக்குள் எழுந்தது. அத்துணிவு எவ்வளவு குறைபாடுடையது என்பதைக் கற்ற கதையே இக்கட்டுரை.

புல்வெட்டும் வண்டி பிறந்த கதை

புல்லை வெட்டும் இயந்திரத்தை முதன்முதலில் அமைத்தவர் எட்வின் பட்டிங் என்பவர். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷையர் பகுதியிலுள்ள ஸ்ட்ரௌட் என்னும் ஊரைச் சேர்ந்தவர். அவ்வூர்ப் பக்கம் கம்பளி நெசவாலைகள் மிகுதி. நெய்த துணியின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் இயந்திரத்தைக் கண்ட அவர், துணிக்குச் செய்வதைப் புல்தரைக்கும் செய்யலாமே என்று எண்ணினார். 1830இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நெடுங்காலம் மனிதன் தள்ளியும் குதிரை இழுத்துமே அது இயங்கிற்று. 1902இல் இங்கிலாந்தின் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் என்ஜின் பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களின் ஓரங்களில் தனித்தனி வீடுகள் பெருகின. வீடுதோறும் புல்வெளி, புல்வெளிதோறும் சனிக்கிழமை வேலை. உழவு டிராக்டர் செய்துவந்த நிறுவனங்கள் இதனைக் கண்டன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961இல் 'கப் கேடட்' என்னும் சிறு டிராக்டரையும், ஜான் டீர் நிறுவனம் 1963இல் '110' என்னும் வண்டியையும் வெளியிட்டன. விஸ்கான்சினைச் சேர்ந்த கோலர் நிறுவனத்தின் ஒற்றைச் சிலிண்டர் வார்ப்பிரும்பு என்ஜின்கள் இவற்றில் பூட்டப்பட்டன. ஏழு குதிரைத்திறன்தான், ஆனால் கனத்த இரும்பு. எளிய அமைப்பு. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றலாம், துலக்கலாம், திரும்பப் பூட்டலாம். அறுபது ஆண்டுகள் கடந்தும் அக்காலத்து வண்டிகள் சில இன்றும் ஓடுவதற்குக் காரணம் இதுவே.

பழையதைப் பழுது பார்ப்பது சிக்கனம் மட்டுமன்று. நன்கு செய்யப்பட்ட பொருளுக்கு நாம் செலுத்தும் மரியாதையும் ஆகும். இதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பழைய பொருளைக் காப்பாற்றுகிறவன் அதன் நற்குணங்களை மட்டுமன்று, அது செய்யப்பட்ட காலத்தின் அறியாமையையும் சேர்த்தே கையில் எடுக்கிறான். இதை எனக்கு உணர்த்தியவர் ஒரு பெரியவர்.

பெரியவரின் முதற்கேள்வி

அவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். வயது எண்பதை நெருங்கியிருந்தது. வாழ்நாளெல்லாம் பண்ணை இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். நான் அழைத்ததும் தம் கருவிப்பெட்டியோடு கொட்டகைக்கு வந்தார். "என்ஜின் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போமா?" என்றேன். அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஃபாதர், இதை எப்படி நிறுத்துவது?"

எனக்கு வியப்பு. ஓடாத வண்டியை நிறுத்துவதைப் பற்றி இப்போது என்ன பேச்சு?

"ஓடவைப்பது எளிது. இரண்டு மாலைப்பொழுது போதும். ஆனால் நிற்கத் தெரியாத வண்டியை நான் ஓடவைப்பதில்லை. முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்" என்றார்.

அன்று மாலை முழுவதும் என்ஜினை நாங்கள் தொடவேயில்லை. முதலில் பிரேக். உருளையைச் சுற்றி இறுகும் பட்டை தேய்ந்து வழவழத்துக் கிடந்தது. மிதியை அழுத்தினாலும் சக்கரம் தாராளமாகச் சுழன்றது. புதுப் பட்டை வரவழைத்துப் பூட்டி, திருகாணியைச் சரிசெய்தோம். அடுத்தது கத்தியை இயக்கும் நெம்புகோல். அதை முன்னே தள்ளினால் பெல்ட் இறுகிக் கத்தி சுழலும். பின்னே இழுத்தால் பெல்ட் தளர்ந்து கத்தி நிற்கவேண்டும். ஆனால் அதன் அச்சு துருவேறி இறுகிவிட்டபடியால் பெல்ட் முழுவதும் தளரவில்லை. நெம்புகோல் "நிறுத்து" என்று காட்டும்; கத்தியோ சுழன்றுகொண்டிருக்கும். துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் அச்சைக் கழற்றித் துலக்கி, கிரீஸ் இட்டு, ஸ்பிரிங்கை மாற்றினோம்.

பின்னர் அவர் மூடியின் பக்கவாட்டைச் சுட்டினார். வெட்டிய புல் வெளியேறும் வாய் அது. அதன்மேல் கீழ்நோக்கிச் சாய்ந்த தடுப்புத் தகடு ஒன்று இருக்கவேண்டும். எங்கள் வண்டியில் அது இல்லை. எவரோ இடைஞ்சல் என்று கழற்றிவிட்டிருக்கிறார்கள். "அந்த வாய் வழியே வருவது புல் மட்டுமன்று, கல்லும் வரும், கம்பியும் வரும்" என்றார். அமெரிக்கத் தர விதிப்படி கத்திமுனையின் உச்ச வேகம் நிமிடத்திற்கு 19,000 அடி. அதாவது மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அவ்வேகத்தில் அடிபட்ட கூழாங்கல் என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இரும்புத் தகடொன்றை வெட்டி, கீல் வைத்துப் பொருத்தினோம்.

கடைசியாக இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். தலையை அசைத்தார். "இதற்குக் கீழே சுவிட்சு இல்லை. ஆள் இறங்கினாலும் கத்தி சுழலும். அக்காலத்து வண்டி அப்படித்தான். ஒரு சுவிட்சு வாங்கி வருகிறேன், அதைப் பூட்டும்வரை இதில் ஏறவேண்டாம்" என்றார்.

நான் தலையசைத்தேன். வாசகர்களே, தலையசைப்பது எளிது.

என்ஜினின் மூன்று தேவைகள்

அடுத்த வாரம் என்ஜினுக்கு வந்தோம். பெட்ரோல் என்ஜின் எதுவாயினும் அதற்கு வேண்டியவை மூன்று: எரிபொருள், தீப்பொறி, அழுத்தம். இம்மூன்றும் உரிய நேரத்தில் கூடினால் அது ஓடியே தீரும். ஓடவில்லையெனில் மூன்றில் ஒன்று குறைகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கிறவன் கண்டுபிடிப்பான்; எல்லாவற்றையும் ஒரே வேளையில் கழற்றிப் போடுகிறவன் குழம்புவான்.

அழுத்தத்தை முதலில் பார்த்தோம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு ஒருநாள் விட்டுவைத்தோம். பின் கையால் மெல்லச் சுழற்றினோம். பிளக்கைப் பூட்டி மறுபடி சுழற்றியபோது ஓரிடத்தில் அது எதிர்த்துத் தள்ளியது. "மூச்சு இருக்கிறது" என்றார் பெரியவர்.

அடுத்து எரிபொருள். தொட்டியில் எஞ்சியிருந்த பெட்ரோல் பழைய வார்னிஷ் போல நாறியது. பெட்ரோல் நாள்பட்டால் அதன் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போக, பிசின் போன்ற கசடு தங்கிவிடும். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரையும் கெடுக்கும். கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் பழுப்புநிறக் கசடு. ஜெட்டின் நுண்துளை அடைபட்டிருந்தது. அதைக் கார்புரேட்டர் துலக்கும் திரவத்தில் ஊறவைத்து, மெல்லிய செப்பு இழையால் துளையைத் திறந்தோம். எஃகுக் கம்பியை உள்ளே விட்டால் துளை அகன்றுவிடும். அப்புறம் என்ஜின் தேவைக்கு மிஞ்சிப் பெட்ரோல் குடிக்கும். வெடித்துப் போயிருந்த ரப்பர்க் குழாயை மாற்றினோம்.

மூன்றாவது தீப்பொறி. அக்காலத்து என்ஜினாதலால் நம் பழைய மோட்டார் சைக்கிள்களைப் போலவே சி.பி. பாயிண்டுதான். பத்து ஆண்டு ஈரத்தில் அதன் முகங்கள் கறுத்திருந்தன. துலக்கிவிட்டு, ஃபீலர் கேஜைக் கொண்டு இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு அமைத்தோம். கண்டென்சரையும் பிளக்கையும் மாற்றினோம். பெட்ரோல் ஆவி அருகில் இல்லாதவாறு தொட்டியை அகற்றிவிட்டு, பிளக்கை என்ஜினின் இரும்பில் சாத்திச் சுழற்றியபோது நீலப்பொறி பளிச்சிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இவ்வகை என்ஜினுக்கு நீர்க்குளிர்ச்சி இல்லை. சுழலும் சக்கரத்தின் இறகுகள் காற்றைத் தள்ள, அக்காற்று சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் இடையே பாய்ந்து சூட்டைத் தணிக்கிறது. மேலேயுள்ள தகர உறையைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே வைக்கோலும் பஞ்சுமாக எலிக்கூடு ஒன்று நிறைந்திருந்தது. அதைப் பாராமல் ஓட்டியிருந்தால் என்ஜின் கொதித்து அழிந்திருக்கும். வெளியே எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோலத் தோன்றும். உள்ளே அழிவு நடக்கும். பனிக்காலத்தில் கிடந்த எந்த என்ஜினையும் ஓட்டுமுன் இவ்வுறையைத் திறந்து பார்ப்பது நல்லது.

கறுத்த எண்ணெயை வடித்து, புதிய எண்ணெய் ஊற்றினோம். காற்று வடிகட்டியை மாற்றினோம். வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளினோம். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அது ஆளைக் கொல்லும். சாவியைத் திருப்பினேன். மூன்றாம் முயற்சியில் இருமிற்று. நான்காம் முயற்சியில் புகைவிட்டு உறுமியது. பெரியவரின் முகத்தில் இளமை வந்து போயிற்று.

வயிற்றுக்கு அடியில்

பின்னர் கத்தி. பிளக்கின் மேலுள்ள கம்பியைக் கழற்றி அப்பால் கட்டிவைத்த பிறகே அவர் வண்டியின் கீழே கை நீட்டினார். கத்தியைக் கையால் திருப்பினால் என்ஜினும் திரும்பும். என்ஜின் திரும்பினால் அது பற்றிக்கொள்ளவும் கூடும். கம்பி கழன்றிருந்தால் அப்பயம் இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் படுக்கலாகாது. கனத்த மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தோம்.

மூடியின் உட்புறத்தில் ஆண்டுக்கணக்கான புல் அப்பி, ஈரம் காத்து, இரும்பைத் தின்றிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, ஓட்டையான ஓரிடத்தில் இரும்புத் தகட்டை வெல்டிங் செய்தோம். கத்தியின் விளிம்பை அரத்தால் அதன் பழைய சாய்வு மாறாமல் தீட்டினோம். மழுங்கிய கத்தி புல்லை அறுக்காது; கிழிக்கும். கிழிந்த நுனி இரண்டொரு நாளில் பழுப்பேறும். தீட்டிய கத்தியின் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பார்த்தோம். எப்பக்கம் தாழ்கிறதோ அப்பக்கம் கனம். அங்கே மேலும் சிறிது தேய்க்கவேண்டும். சமன் இல்லாத கத்தி வண்டியையே அதிரவைத்துப் பேரிங்கைக் கெடுக்கும். கத்தியில் கீறலோ வளைவோ இருந்தால் நிமிர்த்தவோ வெல்டிங் செய்யவோ கூடாது, புதிது மாட்டவேண்டும்.

எல்லாம் முடிந்தது, இருக்கையின் சுவிட்சு ஒன்றைத் தவிர. பெரியவர் அதற்குச் சொல்லி வைத்திருந்தார். அது வருமுன் தம் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போய்வர நேர்ந்தது. "நான் வரும்வரை பொறுங்கள்" என்று சொல்லிப் போனார்.

நான் செய்த தவறு

புல் முழங்காலை எட்டியது. ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்திற்கு ஒரு குடும்பத்தார் வருவதாக இருந்தது. வண்டி ஆயத்தமாக நின்றது. பொறுமை இழந்தேன். சனிக்கிழமை காலை வண்டியில் ஏறி வெட்டத் தொடங்கினேன்.

பழைய என்ஜினின் சீரான ஓசை, பின்னால் விரியும் புதுப்புல் மணம், நேரான பாதை, இவற்றில் ஒரு மயக்கம் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழிந்தபோது மரக்கிளை ஒன்று மூடியின் வாயில் சிக்கிக்கொண்டு தடதடத்தது. வண்டியை நிறுத்தினேன்; கத்தியை நிறுத்தவில்லை. இறங்கினேன். குனிந்து கிளையைப் பற்ற வலக்கையை நீட்டினேன்.

அப்போது ஒரு கூக்குரல் கேட்டது. மகள் வீட்டிலிருந்து முன்னதாகவே திரும்பிய பெரியவர், வேலிக்கு அப்பால் காரை நிறுத்திவிட்டு, கைகளை ஆட்டியபடி ஓடிவந்துகொண்டிருந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கை நீட்டிய நிலையில் நான் நின்றேன். அவர் வந்து சாவியைத் திருப்பி எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு கல்லறைத் தோட்டத்துத் திண்ணையில் அமர்ந்து, இதைச் சொன்னார். பிறர் பயன்பெறுமாறு இதை எவரிடமும் சொல்லலாம் என்று எனக்கு அனுமதியும் அளித்தார்.

1970களில் அவரிடமும் இப்படியொரு வண்டி இருந்தது. ஞாயிறு மாலைகளில் நான்கு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு, கத்தியை ஓட்டாமல், வீட்டைச் சுற்றி ஒரு வலம் வருவார். பையனுக்கு அது திருவிழா. ஒரு சனிக்கிழமை அவர் தனியாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பையன் வீட்டுக்குள் இருப்பதாகவே எண்ணம். வேலியோரம் திரும்புவதற்காக வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தினார். என்ஜின் ஓசையைக் கேட்ட குழந்தை, தன்னை அப்பா அழைப்பதாக நினைத்து, பின்புறமாக ஓடிவந்திருந்தான்.

குழந்தை பிழைத்தான். வலது பாதம் போயிற்று.

"அவனுக்கு இப்போது ஐம்பது வயதைக் கடந்துவிட்டது. பள்ளி ஆசிரியனாக இருக்கிறான். என்னை அவன் என்றோ மன்னித்துவிட்டான். ஆனால், ஃபாதர், அந்த ஓசையை அவனுக்கு இனிமையாக்கியவன் நான்தான். மடியில் ஏற்றிச் சென்ற ஒவ்வொரு ஞாயிறும், 'இந்தச் சத்தம் கேட்டால் ஓடிவா' என்று அவனுக்கு நானே கற்றுக்கொடுத்தேன்" என்றார்.

என் வலக்கையை நான் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் சொல் இருக்கவில்லை.

சிறியதொரு சுவிட்சு

மறுநாள் பிற்பகல் சுவிட்சைப் பூட்டினோம். விலை மிகக் குறைவு. அமைப்பும் எளிது. பேட்டரியிலிருந்து காயிலுக்குப் போகும் மின்சாரம் இருக்கையின் கீழுள்ள சுவிட்சு வழியாகப் போகும். ஆள் அமர்ந்திருந்தால் சுவிட்சு இணையும், எழுந்தால் விடுபடும். கத்தியின் நெம்புகோலில் மற்றொரு சுவிட்சு. கத்தி நிறுத்தப்பட்டிருந்தால், அதன் வழியாக மின்சாரம் காயிலுக்குப் போகும். ஆகவே ஆளும் இல்லை, கத்தியும் ஓடுகிறது என்னும் நிலை வந்தால், இரு வழியும் அடைபட்டுத் தீப்பொறி அற்று என்ஜின் தானே நின்றுவிடும்.

இவ்வறிவு அமெரிக்க மக்களுக்கும் ஒரே நாளில் வந்ததன்று. நடந்து தள்ளும் புல்வெட்டியில், கைப்பிடியை விட்டால் மூன்று விநாடிக்குள் கத்தி நிற்கவேண்டும் என்னும் கட்டாய விதி 1982இல் நடைமுறைக்கு வந்தது. ஏறி ஓட்டும் வண்டிகளிலோ, ஆள் எழுந்தால் கத்தி நிற்கும் அமைப்பு 1980களின் பிற்பகுதியில்தான் தர விதிகளின் வழியே பரவியது. அதற்கு முந்திய வண்டிகள் பல இன்றும் கொட்டகைகளில் உள்ளன. பிந்திய வண்டிகளிலும், 'தொல்லை தருகிறது' என்று அந்தச் சுவிட்சின் கம்பிகளை முறுக்கி இணைத்துவிடுகிறவர்கள் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவர் பெயிண்டைப் பார்க்கிறார், ஓசையைக் கேட்கிறார். இருக்கையைத் தூக்கிப் பார்ப்பவர் சிலரே.

நினைவில் கொள்ள வேண்டியவை

பெரியவர் எனக்குக் கற்பித்தவற்றையும், அந்நாட்டு மருத்துவர்கள் அறிவுறுத்துவனவற்றையும் சுருக்கித் தருகிறேன். நம் குடும்பங்களில் பலருடைய பிள்ளைகள் இன்று அந்நாட்டில் வீடு வாங்கி வாழ்கிறார்கள். அவர்களுக்கு இது நேரே பயன்படும்.

குழந்தைகளை மடியிலோ இழுவண்டியிலோ ஏற்றவேண்டாம், கத்தி ஓடாதபோதும் வேண்டாம். புல் வெட்டும் நேரத்தில் சிறு குழந்தைகள் வீட்டுக்குள், ஒரு பெரியவரின் கண்பார்வையில் இருக்கட்டும். பதினாறு வயது நிரம்பாதவர்கள் ஏறி ஓட்டும் வண்டியை இயக்கலாகாது என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் அறிவுரை.

பின்னோக்கிச் செலுத்துவதைத் தவிர்க்கவும். தவிர்க்க இயலாவிட்டால் கத்தியை நிறுத்தி, திரும்பிப் பார்த்து, பிறகே நகரவும்.

சரிவான தரையில் ஏறி ஓட்டும் வண்டியை மேலும் கீழுமாகச் செலுத்தவேண்டும்; குறுக்காகச் செலுத்தினால் கவிழும். மிகுந்த சரிவில் ஓட்டவே வேண்டாம்.

சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஆறும்வரை பொறுங்கள்.

வெட்டத் தொடங்குமுன் தரையை ஒருமுறை நடந்து பார்த்து, கல்லையும் கம்பியையும் பொறுக்கிவிடுங்கள்.

பராமரிப்புக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் எண்ணெய் அளவைப் பாருங்கள்; ஓட்டிய பின் மூடியின் உட்புறத்தையும் குளிர்ச்சித் தகடுகளையும் துலக்குங்கள். எங்கள் வண்டியைப் போன்ற பழைய என்ஜின்களுக்கு 25 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது நன்று. பருவத்திற்கு இருமுறையாவது கத்தியைத் தீட்டுங்கள். பனிக்காலம் தொடங்குமுன் பெட்ரோலை முற்றிலும் வடித்துவிட்டு, கார்புரேட்டரில் எஞ்சியது தீரும்வரை என்ஜினை ஓட்டி நிறுத்துங்கள். பேட்டரியைக் கழற்றி உறைபனி தாக்காத இடத்தில் வையுங்கள். இவ்வளவு செய்தால் அடுத்த வசந்தத்தில் வண்டி உங்களைக் கைவிடாது.

நம் ஊரில் இவ்வண்டி இல்லையே என்று இக்கட்டுரையை ஒதுக்கிவிட வேண்டாம். நெல் அடிக்கும் இயந்திரமும், பவர் டில்லரும், தண்ணீர் இறைக்கும் என்ஜினும் நம்மிடையே உள்ளன. சுழலும் பெல்ட்டின்மேல் இருந்த தகட்டை இடைஞ்சல் என்று கழற்றி மூலையில் போட்ட களத்துமேடுகள் எத்தனை! சேலைத் தலைப்பும் குழந்தையின் கையும் அப்பெல்ட்டுக்கு வேறு வேறல்ல. ஓடவைப்பதில் நாம் காட்டும் திறமையை நிறுத்துவதிலும் காட்டுகிறோமா என்று அவரவர் வீட்டு இயந்திரத்தின் அருகே ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

அந்த வண்டி அதன்பின் ஐந்து பருவங்கள் எங்கள் புல்லை வெட்டியது. பெட்ரோலும் எண்ணெயும் இரண்டு பெல்ட்டுகளும் தவிர வேறு பெரிய செலவு வைக்கவில்லை. நான் ஊர் திரும்புவதற்கு முந்திய இலையுதிர்காலத்தில் பெரியவர் இறந்தார். அவருடைய அடக்கத்தில் அவர் மகன் சவப்பெட்டியின் முன்வரிசையில் நின்று, செயற்கைப் பாதத்தோடு, தோள் கொடுத்துச் சுமந்தார்.

அடுத்த மே மாதத்தில், அவரது கல்லறையைச் சுற்றிய புல்லை அதே வண்டியில் வெட்டினேன். கல்லின் அருகே கையால் கத்தரிக்க வேண்டியிருந்தது. கத்தியின் நெம்புகோலைப் பின்னே இழுத்தேன். பிரேக்கை இட்டேன். சாவியைத் திருப்பி எடுத்தேன். வயிற்றுக்கு அடியில் சுழல்வது முற்றும் அடங்கும்வரை இருக்கையிலேயே காத்திருந்தேன். பிறகே இறங்கினேன்.